தொட்டிக்கு நிதி உண்டு, தெருக்குழாய்க்கு?

தமிழ்நாடு அரசின் நகராட்சி நிர்வாகம் மற்றும் குடிநீர் வழங்கல் துறைக்கு,

வணக்கம்.

நிதி கேட்டு எழுதும் மடல்கள் உங்களுக்கு நிறையவே வரும். இது, வரும் நிதி எங்கே போய் நின்றுவிடுகிறது என்பதைப் பற்றியது.

குடிநீர் விஷயத்தில் பேரூராட்சிகள் வெகுகாலம் இரண்டுங்கெட்டானாகவே இருந்தன. 2015இல் வந்த ஒன்றிய அரசின் நகர்ப்புறக் குடிநீர், கழிவுநீர்த் திட்டமான அம்ருத் 500 நகரங்களோடு நின்றுகொண்டது. அவற்றில் பெரும்பாலானவை லட்சம் பேருக்கு மேல் வசிப்பவை. 2019இல் வந்த குழாய்க் குடிநீர்த் திட்டமான ஜல் ஜீவன் கிராமங்களுக்கு. 2021 அக்டோபரில் அம்ருத் 2.0 தொடங்கிய பிறகுதான் சிறு நகரங்களுக்கும் கதவு திறந்தது. லட்சத்துக்குக் குறைவான மக்கள்தொகை என்றால் திட்டச் செலவில் பாதி ஒன்றிய அரசுடையது. நல்ல ஏற்பாடு, மறுப்பதற்கில்லை.

ஆனால் மதிப்பீடு போடும்போது முதலில் இடம்பிடிப்பது மேல்நிலைத் தொட்டி. தொட்டி நாலு தெருவுக்குத் தெரியும், திறப்பு விழா நடத்தலாம், கல்வெட்டு பதிக்கலாம். மண்ணுக்கடியில் கிடக்கும் பகிர்மானக் குழாய்க்கு யார் ரிப்பன் வெட்டுவார்கள்? அதை மாற்றச் சாலையை வெட்ட வேண்டும், நெடுஞ்சாலைத் துறையின் சாலை என்றால் அனுமதிக்கு அலைய வேண்டும், வெட்டியதை மூடவும் பணம் கட்ட வேண்டும். கடைசியில் புதுத் தொட்டியைப் பழைய ஏசி (ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட்) பைப்பிலேயே இணைத்து வேலையை முடித்துவிடுகிறார்கள்.

இதன் விளைவைப் பார்க்க மேட்டுத் தெருவின் கடைசி வீட்டுக்குப் போங்கள். வாசலில் முழங்கால் ஆழத்துக்கு ஒரு குழி இருக்கும். அழுத்தம் இல்லாததால் தண்ணீர் தரைமட்டத்துக்கு மேலே ஏறாது. குழாயைத் தாழ்த்திக் குழிக்குள் வைத்திருப்பார்கள். உள்ளே இறங்கிச் சொம்பில் பிடித்துப் பிடித்துக் குடத்தில் ஊற்ற வேண்டும். தண்ணீர் நின்ற பிறகு சாக்கடை கசிந்து தேங்குவதும் அதே குழியில்தான். கீழ்த் தெருவிலோ இணைப்பிலேயே மோட்டாரைப் பூட்டி உறிஞ்சுகிறார்கள். அப்போது குழாய்க்குள் வெற்றிடம் உண்டாகி, விரிசல் வழியாகச் சுற்றியுள்ள கழிவுநீர் உள்ளே இழுக்கப்படுகிறது. கிருமி கொல்லக் கலந்ததில் எஞ்சிய குளோரின் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும் என்கிறது குடிநீருக்கான ஐஎஸ் 10500 தரநிர்ணயம். தொட்டியடியில் சோதித்தால் குளோரின் இருப்பதைக் காட்டும் மஞ்சள் நிறம் வரத்தான் செய்யும். அந்தக் குழியில் சோதித்துப் பாருங்கள். மோட்டாரைப் பறிமுதல் செய்வோம் என்று ஆட்டோவில் மைக் கட்டி அறிவிப்பதால் இது தீராது. கடைசி வீடு வரை தண்ணீர் வரும் என்ற நம்பிக்கை இருந்தால் யாரும் கைக்காசு போட்டு மோட்டார் வாங்கமாட்டார்கள்.

பாதாளச் சாக்கடை இல்லாத ஊருக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 70 லிட்டர், இருக்கும் ஊருக்கு 135 லிட்டர் என்பது ஒன்றிய அரசின் பழைய கையேடு வகுத்த கணக்கு. அந்தக் கணக்கைத் தொட்டியில் ஏறும் நீரை வைத்துப் போட்டால் எல்லா ஊரும் தேறிவிடும். குடத்தில் விழுவதை வைத்துப் போட வேண்டும். கசிந்தும் வேறு வழியிலும் வருவாய் தராமல் போகும் நீரை 20 சதவீதத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்பது அம்ருத் 2.0 வைத்த இலக்குதான். தொட்டியின் வெளிவாயிலில் மீட்டரே இல்லாத ஊரில் அந்தச் சதவீதத்தை யார், எதைக் கொண்டு அளப்பது?

ஆகவே, புதுத் தொட்டி கேட்டு வரும் ஒவ்வொரு கோப்பிலும் குழாய்களின் வயதும் கசிவின் அளவும் இல்லையென்றால் திருப்பி அனுப்புங்கள். பகிர்மானக் குழாய்க்கும் வால்வுக்கும் சாலை சீரமைப்புக்கும் முதலில் பணம் ஒதுக்குங்கள், மிச்சமிருந்தால் தொட்டி. திட்டச் செலவில் பேரூராட்சி போட வேண்டிய உள்ளூர்ப் பங்கு விஷயத்திலும் கொஞ்சம் இரக்கம் வேண்டும். சொத்துவரியையும் குடிநீர்க் கட்டணத்தையும் நம்பியிருக்கும் சின்னப் பேரூராட்சி, நீரேற்றும் மோட்டார்களின் மின்கட்டணத்தைக் கட்டவே திணறுகிறது. அந்தப் பங்கை மாநில அரசே ஏற்றுக்கொள்ளலாம்.

இன்னொன்று. விரிவான திட்ட அறிக்கை தயாரிக்க வரும் ஆலோசகர்கள் வரைபடத்தோடு வருகிறார்கள், வரைபடத்தோடு போகிறார்கள். எந்த வால்வு எந்தத் தெருவுக்கு, எது பாதிதான் மூடும், எந்த முக்கில் தோண்டினால் தண்ணீர் பீய்ச்சும் என்பதெல்லாம் விடிவதற்குமுன் சாவியோடு கிளம்பும் தண்ணீர் திறந்துவிடும் ஊழியருக்குத்தான் தெரியும். பல ஊர்களில் அவர் தற்காலிகப் பணியாளர். அவர் போய்விட்டால் அந்த விவரமும் போயிற்று. அறிக்கையை மன்றத்தில் வைப்பதற்குமுன் அவரை உட்காரவைத்துக் கேட்டு, அவர் சொல்வதை எழுதி, அறிக்கையோடு இணைக்க உத்தரவிடுங்கள்.

இப்படிக்கு,
பேரூராட்சிவாசி ஒருவன்