மெக்கடனின் 57-ம் ஒரு மெக்கானிக்கின் கையும்

ஆசிரியருக்கு வணக்கம்.

முதல் உலகப் போர்க் கால பிரிட்டிஷ் விமானி ஜேம்ஸ் மெக்கடன் பற்றிய கட்டுரையைப் படித்தேன். 57 வான்போர் வெற்றிகள், பிரிட்டனின் உயரிய வீர விருதான விக்டோரியா கிராஸ் எல்லாம் சரியாகவே வந்திருக்கின்றன. ஆனால் அந்த 57 எப்படி வந்தது என்று கேட்டால் 'துணிச்சல்' என்ற ஒரு சொல்லோடு கட்டுரை நின்றுவிடுகிறது. துணிச்சல்காரர்கள் அன்று ஏராளம். அவர்களில் பலர் சில வாரங்கள்கூடத் தாங்கவில்லை. மெக்கடன் அடிப்படையில் ஒரு மெக்கானிக். அதைச் சொல்லாமல் அவர் கதையைச் சொல்ல முடியாது.

1910-ல் 15 வயதில் ராணுவப் பொறியாளர் படையில் பியூகிள் ஊதும் சிறுவனாகச் சேர்ந்தவர், 1913-ல் பிரிட்டிஷ் ராணுவத்தின் விமானப் பிரிவான ராயல் ஃப்ளையிங் கோரில் மெக்கானிக் ஆனார். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அதன் 3-ம் ஸ்குவாட்ரனோடு (விமான அணி) பிரான்சுக்குப் போனதும் மெக்கானிக்காகத்தான். விமானி ஆனது 1916-ல். அதாவது, விமானத்தை ஓட்டுவதற்கு முன் மூன்று ஆண்டுகள் அதைக் கழற்றி மாட்டிப் பழகியவர்.

1917 ஆகஸ்டில் 56-ம் ஸ்குவாட்ரனுக்கு வந்தார். அங்கே அவர் குறிவைத்தது பெரும்பாலும் ஜெர்மானியரின் இருவர் அமரும் வேவு விமானங்களை. ரம்ப்ளர் போன்றவை 20,000 அடி உயரத்தில் நின்று படமெடுக்கும். அவருடைய ஒருவர் அமரும் போர் விமானமான எஸ்.இ.5ஏ அந்த உயரத்துக்கு ஏறுவதற்குள் மூச்சு வாங்கும். மேலே காற்று அடர்த்தி குறைவு என்பதால் சிலிண்டருக்குள் போகும் காற்று-பெட்ரோல் கலவையும் குறைவு. அதை இன்னும் இறுக்கி அமுக்கினால்தான் சக்தி கிடைக்கும். எனவே உயர் அமுக்கப் பிஸ்டன்களைப் போட்டுக்கொண்டார். இதற்கு விலையும் உண்டு. அதே இன்ஜினைத் தரைக்கு அருகில் முழுத் திராட்டிலில் ஓட்டினால் கலவை தானாகவே வெடித்து இன்ஜின் தட்டும், சூடேறும், பிஸ்டனே ஓட்டையாகிவிடலாம். ஆகவே கீழே அடக்கி ஓட்டி, மேலே போன பிறகே திறக்க வேண்டும். இன்ஜினின் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தவருக்குத்தான் இது கைவரும். எக்ஸாஸ்ட் குழாய்களையும் குறுக்கினார். தான் வீழ்த்திய எல்.வி.ஜி. என்ற ஜெர்மன் விமானத்தின் மூக்குக் கூம்பைத் தன் புரொப்பல்லர் மேல் மாட்டி, மணிக்கு ஏறத்தாழ 3 மைல் கூடுதல் வேகம் பெற்றார். ஆனால் மேலே சுவாசிக்க அவரிடம் ஆக்சிஜன் கருவி இல்லை. நெடுநேரம் உயரத்தில் இருந்துவிட்டு இறங்கும்போது தலைவலியும் உடல்நலக் குறைவுமாகத்தான் இறங்குவார்.

துப்பாக்கிகளையும் இதே கவனத்தோடு பார்த்துக்கொண்டார். உங்கள் படக்குறிப்பு, 'இரண்டு துப்பாக்கிகளும் புரொப்பல்லர் வழியே சுடும்' என்கிறது. அது தவறு. விமானிக்கு முன்னால் இடப்பக்கம் இருக்கும் விக்கர்ஸ் இயந்திரத் துப்பாக்கி மட்டுமே சுழலும் புரொப்பல்லர் அலகுகளுக்கு இடையே சுடும். அதன் பெல்ட்டில் 400 குண்டுகள். அலகில் குண்டு படாதபடி அது சுடவேண்டிய நேரத்தை, எண்ணெய்க் குழாயில் செல்லும் அழுத்த அலைதான் பார்த்துக் கொடுக்கும். குழாயில் காற்று புகுந்தாலோ அழுத்தம் இறங்கினாலோ துப்பாக்கி ஒழுங்காகச் சுடாது. மேல் இறக்கையின் மேல் உள்ள இன்னொரு துப்பாக்கியான லூயிஸ், புரொப்பல்லருக்கு மேலாகச் சுடுவது. அதன் 97 குண்டு டிரம் தீர்ந்தால், வளைந்த தண்டவாளத்தில் துப்பாக்கியைக் கீழே இழுத்து, உறைய வைக்கும் காற்றில் ஒரு கையால் டிரம்மை மாற்ற வேண்டும். குண்டு சிக்கிக்கொண்டால், பின்பக்கத் துப்பாக்கிக்காரன் உள்ள எதிரி விமானத்தின் முன் விமானி வெறுங்கையோடு நிற்பார். அதனால்தான் மெக்கடன் துப்பாக்கிகளைத் தானே சோதித்து, குறியைத் தானே சரிசெய்தார். பிறகு எதிரியின் வாலுக்கு அடியில், அந்தத் துப்பாக்கிக்காரனின் கண்ணுக்கு எட்டாத இடத்தில் போய் நின்று, நெருங்கிச் சுட்டார். நிலைமை சாதகமில்லை என்றால் விலகிவிடுவார்.

அவர் மரணத்தைக் கட்டுரை 'விமான விபத்து' என்று ஒரே வரியில் முடித்திருக்கிறது. 1918 ஜூலை 9 அன்று, 60-ம் ஸ்குவாட்ரனின் தலைமையை ஏற்கப் போகும் வழியில், பிரான்சின் ஓக்சி-லெ-ஷாத்தோ விமானத் தளத்தில் வழி கேட்க இறங்கினார். மீண்டும் கிளம்பிய சில நொடிகளில் இன்ஜின் சக்தி இழக்க, விமானம் அருகிலிருந்த மரங்களுக்குள் விழுந்தது. இன்ஜினுக்குப் பொருந்தாத கார்புரேட்டர்தான் (காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் பாகம்) காரணம் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. தளத்துக்கே திரும்ப முயன்றார் என்பதும் பலர் எழுதியது. அந்தத் திருப்பம் ஏன் ஆபத்து என்பதையாவது கட்டுரை விளக்கியிருக்கலாம். 60 டிகிரி சாய்ந்து திரும்பினால் இறக்கைகள் தாங்கவேண்டிய பாரம் இரட்டிப்பாகும். விமானம் விழாமல் நிற்கத் தேவையான வேகம் சுமார் 40 சதவீதம் கூடும். இன்ஜின் இல்லாதபோது அந்த வேகத்துக்கு மூக்கைத் தாழ்த்தியாக வேண்டும். தாழ்த்த உயரம் வேண்டும், அப்போதுதான் கிளம்பியவரிடம் அது இருக்காது.

அப்போது அவருக்கு வயது 23. படக்குறிப்பை அடுத்த இதழில் திருத்திவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கோயம்புத்தூர்