சவாரியை விட்டுவிட்டு வந்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

தாராவியில் ஆம்புலன்ஸ் ஓட்டுநர், உதவியாளர்களுக்கு நடத்திய குழந்தை அவசர சிகிச்சைப் பயிற்சி நல்லபடியாக முடிந்தது. முதல் நன்றி வண்டிக்காரத் தம்பிகளுக்கு. ஞாயிற்றுக்கிழமை சவாரியை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தீர்கள். நம் சந்துகளுக்குள் வண்டி நுழையாது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தொண்ணூறு அடி ரோட்டுக்கு ஓடிவரும் தாய்க்கு முதலில் கிடைப்பது நீங்கள்தான். மராட்டியத்தில் 2014 முதல் ஓடும் 108 வண்டிகளில் டாக்டர் வருவார். தனியார் வண்டியில் பெரும்பாலும் நீங்கள் இரண்டு பேர் மட்டுமே. சயான் ஆஸ்பத்திரி பக்கம்தான் என்றாலும், மூச்சுத் திணறும் பிள்ளைக்கு அந்தத் தூரமே அதிகம்.

பாடம் எடுத்த டாக்டரம்மா, நர்ஸ் அக்காக்கள் யாரையும் பயமுறுத்தவில்லை. பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் மூச்சு தடுமாறிய பிறகே இதயம் நிற்கும் என்பதால் மூச்சிலிருந்தே தொடங்கினார்கள். கைக்குழந்தைக்குப் பின்மண்டை பெரிது. மல்லாக்கப் போட்டால் தலை முன்னால் மடங்கி மூச்சுவழி அடைபடும், தோளுக்கு அடியில் ஒரு துண்டை மடித்து வையுங்கள் என்றார்கள். "இத்தனை வருசமா இதை யாரும் சொல்லலையே" என்றார் ஒரு மூத்த ஓட்டுநர். ஒரு வயது நிறையாத பிள்ளைக்குத் தொண்டையில் ஏதாவது சிக்கினால் முதுகில் 5 தட்டு, நெஞ்சில் 5 அழுத்து. வயிற்றை அமுக்கவே கூடாது. இதைப் பொம்மையை வைத்துத் திரும்பத் திரும்பச் செய்யவைத்தார்கள்.

பிள்ளைகளுக்கான அவசரச் சாமான்களை வைக்கப் பை தைத்த அண்ணாச்சிக்கு எப்படி நன்றி சொல்ல! நிறக் கட்டங்கள் போட்ட பிராஸ்லோ நாடாவால் பிள்ளையின் நீளத்தை அளந்தால், அது தொடும் நிறம் எடையையும் மருந்தளவையும் காட்டும். அந்த நிறங்களிலேயே அறைகள் வைத்து, சின்ன மாஸ்க், கையால் அமுக்கி மூச்சு கொடுக்கும் சின்ன ஆம்பு பேக் எல்லாம் அடங்கத் தைத்துக் கொடுத்தார். கையுறையோடு ஜிப் திறக்க வரவில்லை என்றதும் முனகிக்கொண்டே பிரித்து வெல்க்ரோ வைத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். இதில் எங்களுக்குக் கோபம்தான். 10 கிலோவுக்கு மேற்பட்ட நம் பிள்ளைகளுக்கு நாடா எடையைக் கூட்டிக் காட்டக்கூடும் என்று டாக்டரம்மா எச்சரித்ததைத் தமிழிலும் இந்தியிலும் எழுதி மூடியில் ஒட்டியிருக்கிறோம்.

அளவு பார்க்கப் பிள்ளைகளைக் கூட்டிவந்த தாய்மார்களுக்கும், நாடாவைக் கண்டதும் ஊசி என்று நினைத்து ஓடிப்போன அந்தச் சின்னவனுக்கும் நன்றி. இடம் கொடுத்த மன்றத்தாருக்கும் டீக்கடைக்காரருக்கும்கூட.

பொம்மைகள் மன்ற அலமாரியில் இருக்கின்றன. சாவி காவலாளியிடம். ராத்திரி ஷிப்டுக்குப் போகுமுன் எடுத்துப் பழகலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

பயிற்சிக் குழுவினர்
தாராவி, மும்பை