முன்சாய்ந்த இறக்கைக்குக் கணினி கட்டாயமில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் விமான வடிவங்களைப் பற்றி அண்மையில் வெளியான கட்டுரையில், இறக்கைகள் முன்னோக்கிச் சாய்ந்த விமானம் இயல்பிலேயே நிலையற்றது என்றும், கணினியின் துணையின்றி அதைப் பறக்கவிடவே இயலாது என்றும் எழுதப்பட்டிருந்தது. ரிமோட் மூலம் இயங்கும் மாதிரி விமானங்களை இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கட்டி வருபவன் என்ற முறையில், இக்கருத்தைத் திருத்த வேண்டியது என் கடமை எனக் கருதுகிறேன். என்னிடம் பயிலும் மாணவர் ஒருவர் அக்கட்டுரையைப் படித்துவிட்டு, பாதி முடித்திருந்த தம் மாதிரியைப் பரணில் ஏற்றிவிட்டார்.

கட்டுரையாளர் சான்றாகக் காட்டிய அமெரிக்காவின் எக்ஸ்-29 என்ற சோதனை விமானம், 1984 டிசம்பர் 14 அன்று முதன்முதலாகப் பறந்தது. அதன் கணினிகள் நொடிக்கு 40 முறை விமானத்தைத் திருத்திக்கொண்டே இருந்தது உண்மைதான். ஆனால் அந்த நிலையின்மை, முதன்மை இறக்கைக்கு முன்னால் சிறு இறக்கைகளைப் பொருத்தி, வேகமாகத் திரும்பும் திறனுக்காக வடிவமைப்பாளர்கள் தெரிந்தே ஏற்றுக்கொண்டதாகும். அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே, 1964இல், ஜெர்மனியின் ஹன்சா ஜெட் என்ற சிறு பயணிகள் விமானம் முன்சாய்ந்த இறக்கையோடு பறந்துவிட்டது. செக்கோஸ்லோவாக்கியாவின் பிளானிக் எல்-13 கிளைடரின் இறக்கையும் சற்றே முன்சாய்ந்ததுதான். எஞ்சின்கூட இல்லாத அதில் பல நாட்டினர் பறக்கப் பழகினார்கள்.

மாதிரி விமானத்தில் பெரும்பாலும் தவறுவது ஈர்ப்பு மையத்தின், அதாவது எடை சமன்படும் புள்ளியின், இடம். என் முதல் முன்சாய்வு மாதிரியின் இறக்கை நீளம் நுனிக்கு நுனி ஒரு மீட்டர். உடலோடு சேரும் இடத்தில் அகலம் 220 மில்லிமீட்டர், நுனியில் 140, சாய்வு 15 பாகை. சாதாரண மாதிரிகளில் செய்வதுபோல, உடலையொட்டிய அகலத்தில் முன்விளிம்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி எடையைச் சமன்செய்து வீசினேன். கையை விட்டதும் மூக்கு செங்குத்தாக எழுந்து, விமானம் புரண்டு விழுந்தது. பிறகு கணக்கிட்டபோதுதான், இச்சாய்வினால் இறக்கையின் ஏற்றவிசை (விமானத்தை மேலே தூக்கும் விசை) மையம் 62 மில்லிமீட்டர் முன்னே நகர்ந்துவிட்டது தெரிந்தது. வால் அதில் ஒரு பகுதியை ஈடுகட்டினாலும், சமன் புள்ளி ஏறக்குறைய இறக்கை உடலோடு சேரும் முன்விளிம்பிலேயே அமைய வேண்டியிருந்தது. பேட்டரியை மூக்குக்குள் தள்ளியதும் அதே விமானம் வேறெந்த மாற்றமும் இன்றிச் சீராகப் பறந்தது.

உண்மையான ஆபத்து முறுக்கத்தில் இருக்கிறது. முன்சாய்ந்த இறக்கை மேல்நோக்கி வளையும்போது அதன் நுனியின் முன்விளிம்பும் கூடவே நிமிர்கிறது. நிமிர்ந்தால் ஏற்றவிசை கூடுகிறது, கூடினால் இன்னும் வளைகிறது. வேகம் ஓர் எல்லையைத் தாண்டினால் இறக்கை முறிந்தே தீரும். பால்சா என்ற இலேசான மரத்தாலான விலாச் சட்டங்களின் மேல் வெறும் பிளாஸ்டிக் தாளை ஒட்டிய என் இறக்கை, ஒரு டைவில் அப்படித்தான் ஒடிந்தது. அதன் பிறகு இரு பக்கமும் ஒன்றரை மில்லிமீட்டர் பால்சா தகடு போர்த்தி, அதன்மேல் மெல்லிய கிளாஸ் ஃபைபர் துணியை இழைகள் 45 பாகையில் அமையுமாறு ஒட்டுகிறேன். பறக்கவிடும் முன் நுனியைக் கையால் மேலே தூக்கிப் பார்ப்பேன். முன்விளிம்பு நிமிர்வது கண்ணுக்குத் தெரிந்தால் அந்த இறக்கை களத்துக்கு வராது. முன்சாய்வு பக்கவாட்டு நிலைத்தன்மையையும் குறைப்பதால், நுனிகளை நான்கைந்து பாகை உயர்த்தி, செங்குத்து வாலையும் வழக்கத்தைவிடப் பெரிதாக வைப்பது நல்லது.

இவ்வளவு உழைப்புக்கும் பலன் உண்டு. வேகம் குறையும்போது இவ்விறக்கை உடலையொட்டியே முதலில் ஏற்றவிசையை இழக்கிறது. விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும், நுனியிலுள்ள ஐலரான்கள் கடைசிவரை கட்டுப்பாட்டுக்கு அடங்குகின்றன. அப்போது மூக்கு மேலெழ முயலும் என்பதால், மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டரைப் பின்னிழுப்பதில் நிதானம் வேண்டும்.

தங்கள் அறிவியல் பக்கத்தை மாணவர்கள் பலர் வெட்டி வைத்துக்கொள்கிறார்கள். ஆகவே இத்திருத்தத்தையும், இயன்றால் ஈர்ப்பு மையத்தைக் கணக்கிடும் முறையை ஒரு படத்துடனும், அதே பக்கத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மாதிரி விமானப் பயிற்சியாளர் ஒருவர்