கடுவன் பூனைக்கு மூத்திரம் அடைத்தால் விடியும்வரை காத்திருக்க முடியாது

கால்நடை பராமரிப்புத் துறையின் திருநெல்வேலி மண்டல இணை இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். ஆடு மாடு நிறைந்த மாவட்டம் இது. கோமாரி தடுப்பூசி, சினை ஊசி, குடற்புழு மருந்து என்று உங்கள் மருத்துவர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது என்பது தெரியும். ஆனாலும் பூனைக்காக எழுதுகிறேன். எங்கள் பக்கம் பூனை இல்லாத தெரு கிடையாது. அவற்றில் கடுவன்களை வாட்டும் ஒரு நோய்க்குக் கால்நடை மருந்தகங்கள் ஆயத்தமாக இல்லை.

கடுவன் பூனையின் மூத்திரக்குழாய் நுனிக்குப் போகப் போக மிகவும் குறுகலாகிவிடும். சிறுநீரில் சேரும் ஸ்ட்ருவைட் என்னும் உப்புப் படிகமும் சளியும் கலந்து அங்கே இறுகிக்கொள்ளும். சிலவற்றுக்குக் கல்லே வந்து அடைக்கும். பெட்டைக்குக் குழாய் அகலம் என்பதால் இது அபூர்வம். முழுசாக அடைத்துவிட்டால் சிறுநீரகம் திணறும், ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும், இதயத்துடிப்பு தடுமாறும். கவனிக்காமல் விட்டால் இரண்டு மூன்று நாளில் உயிர் போய்விடும்.

பாளையங்கோட்டையில் எங்கள் பக்கத்து வீட்டில் இதைக் கண்ணால் பார்த்தேன். பூனை மண் தட்டில் போய்க் குந்தும், முக்கும், ஒன்றும் வராமல் இறங்கி அடியை நக்கும், திரும்பவும் ஏறும். "வெளிக்கிப் போக மாட்டாம கெடந்து முக்குது" என்று அந்த வீட்டு ஆச்சி விளக்கெண்ணெய் புகட்டினார். மண்ணைக் கிளறினால் ஒரு சொட்டு ஈரம் இல்லை. அடிவயிற்றில் கை வைத்தால் எலுமிச்சம்பழம் போல உருண்டையாகக் கெட்டியாகத் தட்டுப்பட்டது. தூக்கிக்கொண்டு ஓடினோம். மருத்துவர் பார்த்த உடனே அடைப்பு என்று சொல்லிவிட்டார். ஆனால் பூனையின் மூத்திரக்குழாயில் நுழைக்கும் மெல்லிய குழாயான கேதீட்டர் அவரிடம் இல்லை. சனிக்கிழமை சாயங்காலம் வேறு. அங்கே இங்கே போன் போட்டு, கடைசியில் வேறோர் இடத்தில் மயக்கம் கொடுத்து, உப்புநீர் செலுத்தி அடைப்பைத் தள்ளி, ட்ரிப் ஏற்றிக் காப்பாற்றினார்கள். பாளையங்கோட்டையிலேயே இந்தப் பாடு என்றால் திசையன்விளையிலும் பாபநாசத்திலும் இருப்பவர்கள் என்ன செய்வார்கள்?

அந்தக் கேதீட்டர் 3.5 ஃபிரெஞ்ச் அளவு, ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றே கூடுதலான பருமன். ஒவ்வொரு கால்நடை மருத்துவமனையிலும் நாலைந்தாவது இருப்பு வைக்க உத்தரவிடுங்கள். பொட்டாசியம் ஏறிய பூனையின் இதயத்தைக் காக்கும் கால்சியம் குளுக்கோனேட் மருந்தும் கூடவே இருக்கட்டும். கேதீட்டர் போட்டுப் பழக்கம் இல்லாதவர்களுக்கு இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில் பயிற்சி ஏற்பாடு செய்யலாம். பக்கத்திலேயே கல்லூரி இருப்பது எத்தனை மாவட்டத்துக்கு வாய்க்கும்!

இன்னொன்றையும் மரியாதையோடு சொல்கிறேன். மூத்திரத் தொந்தரவு என்றதும் ஆன்டிபயாடிக் ஊசி போட்டு அனுப்புவது வழக்கமாகிவிட்டது. இளம் பூனைகளில் கிருமித் தொற்று குறைவு. பயம், பட்டாசு, புதுப் பூனை வரவு போன்ற மன உளைச்சலால் மூத்திரப்பை அழன்று வீங்குவதுதான் அதிகம். ஆகவே அடைப்பு இருக்கிறதா என்று அடிவயிற்றை ஒரு முறை தொட்டுப் பார்த்துவிட்டு அனுப்பச் சொல்லுங்கள்.

காத்திருக்கும் கூடத்தில் ஒரு தட்டியும் வையுங்கள். கடுவன் முக்கினால் மலச்சிக்கல் என்று நினைக்காதீர்கள், வயிற்றை அமுக்காதீர்கள், பை வெடித்துவிடும் என்று அதில் எழுதுங்கள். பாராசிட்டமாலைப் பெரிய எழுத்தில் போட வேண்டும். மனுஷருக்கான ஒரே மாத்திரை பூனையைக் கொன்றுவிடும், வலிக்குது பாவம் என்று அதைக் கொடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒருமுறை அடைத்த பூனைக்குத் திரும்ப அடைக்கக்கூடும். வெறும் உலர்தீவனமாகப் போடாமல், மீனை உப்பில்லாமல் வேகவைத்து அந்தத் தண்ணீரோடு கலந்து கொடுக்கவும், வீட்டில் இரண்டு மூன்று இடத்தில் தண்ணீர் வைக்கவும் சொல்ல வேண்டும். நம் ஊர் வெயிலுக்கு இது ரொம்ப அவசியம்.

அப்புறம், இரவு. 1962 என்ற கால்நடை அவசர உதவி எண்ணில் கூப்பிடுகிறவர் கடுவனுக்கு அடைப்பு என்று சொன்னால் அதை அவசரமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். மாவட்டத்தில் ஓர் இடத்திலாவது இரவிலும் ஞாயிறிலும் கேதீட்டர் போடத் தெரிந்த மருத்துவர் ஒருவர் இருக்க ஏற்பாடு செய்து, அந்த இடத்தின் பெயரையும் தொலைபேசி எண்ணையும் எல்லா மருந்தகங்களின் கதவிலும் ஒட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பாளையங்கோட்டையில் பூனை வளர்க்கும் ஒருவர்