மௌனப்பட டெண்டுக் கொட்டகைக் கண்காட்சிக்குத் தந்த புரொஜெக்டர், பிரிண்ட், விளக்கப் பலகைகள் பற்றிய புகார்

அனுப்புநர்:
மௌனப்படக் கண்காட்சிப் பொறுப்பாளர்கள்,
பாளையங்கோட்டை, திருநெல்வேலி மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
கண்காட்சிப் பொருள் விற்பனைப் பிரிவு, சென்னை.

பொருள்: தவறான பாகங்களை மாற்றித் தரவும், பிரிண்டையும் பலகைகளையும் திருத்தித் தரவும் கோருதல்.

ஐயா,

மௌனப்படக் காலத்து டெண்டுக் கொட்டகையை அன்றிருந்தபடியே நடத்திக் காட்டுவதற்காக, பழுது நீக்கிய 35 எம்.எம். புரொஜெக்டர், நான்கு ரீல் பிரிண்ட், விளக்கப் பலகைகள் ஆகியவற்றை முழுத் தொகையும் கட்டித் தங்களிடம் வாங்கினோம். அம்பாசமுத்திரம், தென்காசி, கோவில்பட்டி என்று ஊர் ஊராகக் கொண்டுபோக வேண்டிய காட்சி இது. வந்த பொருளை வைத்து ஒரு ரீலைக்கூட ஒழுங்காக ஓட்ட முடியவில்லை. "பழைய மெஷின் என்றால் அப்படித்தான் இருக்கும்" என்று தங்கள் சர்வீஸ் பிரிவு சொல்லும் பதிலை நாங்கள் ஏற்கவில்லை. மெஷினின் வயதால் வந்த கோளாறு இதில் ஒன்றுமில்லை. மௌனப்பட மெஷினில் பேசும்பட பாகங்களை மாட்டியதால் வந்த கோளாறுகள் இவை.

முதலில் வேகம். 35 எம்.எம். பிலிமில் ஓரடிக்கு 16 பிரேம், அதாவது 16 தனிப்படம். விநாடிக்கு 16 பிரேம் என்று ஓட்டினால் 1,000 அடி ரீல் 16 நிமிடம் 40 விநாடி வரும். தாங்கள் வைத்திருக்கும் மோட்டார் 24 பிரேமில் பூட்டிய மோட்டார். அதே ரீல் 11 நிமிடம் தாண்டியதும் தீர்ந்துபோகிறது. நடக்கிறவர் ஓடுகிறார், கும்பிடுகிற கை வெட்டி வெட்டி இழுக்கிறது, சோகக் காட்சிக்குச் சிரிப்பு எழுகிறது. அன்றைய நடிகர்கள் யாரும் அப்படி நடிக்கவில்லை. 24 என்பது ஒலி பிசகாமல் வருவதற்காகப் பேசும்படத்துக்கு நிலைநிறுத்திய வேகம். மௌனப்படத்தை 16-லிருந்து 20, 22 வரை, சில சமயம் அதற்கு மேலும், படத்துக்குத் தகுந்தபடி ஆபரேட்டர் கையால் சுற்றினார். ஆகவே 16 முதல் 24 வரை கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டர் உள்ள மோட்டார் வேண்டும். கைப்பிடி மாட்டும் தண்டையும் அறுத்து எடுத்திருக்கிறீர்கள். ஆபரேட்டர் கையால் சுற்றுவதைச் சனங்கள் நேரில் பார்ப்பதுதான் இந்தக் காட்சியின் உயிர். அந்தத் தண்டைத் திரும்ப வைத்துத் தர வேண்டும்.

மோட்டாரை மட்டும் மாற்றினால் போதாது. பிரேம் நகரும் நேரத்தில் வெளிச்சத்தை மறைப்பது, சுழலும் மறைப்புத் தகடான ஷட்டரின் ஓர் இதழ். அந்த ஒன்றோடு விட்டால் 16 பிரேம் வேகத்தில் திரை விநாடிக்கு 16 தடவை இருட்டடிக்கும், கண் வலிக்கும். அதனால்தான் மௌனப்பட மெஷினுக்கு மூன்று இதழ் ஷட்டர்: மூன்று பதினாறு 48. இருட்டு அவ்வளவு வேகமாக வந்துபோனால் சிமிட்டல் பெரிதாக உறுத்தாது. பேசும்படத்துக்கு இரண்டு இதழிலேயே அந்த 48 கிடைத்துவிடும், வெளிச்சமும் கூடும். தாங்கள் தந்தது இரண்டு இதழ் ஷட்டர். 16-க்கு வேகத்தைக் குறைத்தால் 32-தான் வரும். வானமும் வெள்ளை வேட்டியும் வருகிற இடமெல்லாம் திரை படபடக்கும். மோட்டார், ஷட்டர் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

கேட்டில், அதாவது பிலிம் வெளிச்சத்துக்கு முன் வந்து நிற்கும் வாயிலில், படத்தின் ஓரங்களை மறைக்கும் மாஸ்க் தகட்டின் திறப்பு சுமார் 21 × 15 மி.மீ. அதுவும் பேசும்பட அளவு. மௌனப்படத்துக்குச் சுமார் 23 × 17 மி.மீ. வேண்டும். பேசும்படத்தில் சவுண்ட் டிராக் என்ற ஒலிப்பதிவுக் கோட்டுக்கு விட்ட ஓரம் மௌனப்படத்தில் படமாகவே இருக்கிறது. அதை இந்தத் தகடு மறைப்பதால் திரையின் இடப்பக்கம் வெட்டுப்படுகிறது. காட்சிகளுக்கு நடுவே கதையை எழுத்தில் காட்டும் அட்டை ஒன்று, "அவன் வந்தான்" என்பது, "வன் வந்தான்" என்று விழுகிறது. நிற்கிறவர் தலையிலும் பாதி இல்லை. தகட்டை அரத்தால் ராவி அகலப்படுத்திவிட்டால் சரியாகிவிடாது. லென்ஸ் தாங்கியையும் பிரேமின் நடுவுக்கு நகர்த்த வேண்டும், இல்லாவிட்டால் ஒரு பக்கம் மங்கும்.

இவற்றைவிட எங்களுக்குப் பெரிய கவலை கிராஸ் பெட்டி. பிலிமைப் பிரேம் பிரேமாகச் சொடுக்கி இழுப்பது அந்தப் பெட்டிக்குள் எண்ணெயில் சுழலும் மால்டீஸ் கிராஸ் என்ற சிலுவை வடிவச் சக்கரம். மேலும் கீழும் உள்ள ஸ்ப்ராக்கெட் பற்சக்கரங்கள் நிற்காமல் சுற்றுகின்றன. நின்று நின்று போகும் இழுப்புக்கும் நிற்காத சுற்றுக்கும் இடையே ஈடுகொடுப்பது கேட்டுக்கு மேலும் கீழும் தளர்வாக விடும் பிலிம் வளைவு, அதாவது லூப். மெஷின் கதவில் தாங்கள் ஒட்டியிருக்கும் பிலிம் மாட்டும் படத்தில் கீழ் லூப்பே இல்லை. பிலிம் கேட்டிலிருந்து நேராகக் கீழ் ஸ்ப்ராக்கெட்டுக்குப் போகிறது. பழைய நைட்ரேட் பிலிமோ அசிடேட் பிலிமோ என்றால் துளை கிழிந்து பிலிம் அறுந்துவிடும், மெஷின் தப்பும். தாங்கள் தந்த பிரிண்ட் பாலியெஸ்டர். அது லேசில் அறுபடாது. இழுப்பு முழுவதும் கிராஸ் மீதும் அதைத் தள்ளும் முளை மீதும் விழுகிறது. தங்கள் ஆள் அந்தப் படத்தின்படியே மாட்டி ஓட்டிக் காட்டிய பிறகு, கிராஸ் பெட்டியின் எண்ணெயை வெள்ளைத் துணியில் சொட்டிப் பார்த்தோம். இரும்புத் துகள் மினுங்குகிறது, பெட்டியில் கட்டைச் சத்தமும் கேட்கிறது. இந்த மெஷினுக்குக் கடையில் கிராஸ் கிடைக்காது. லேத்தில் புதிதாகக் கடைந்துதான் போட வேண்டும். அந்தச் செலவு தங்களைச் சேர்ந்தது.

விளக்கை எல்.இ.டி.க்கு மாற்றியது நல்ல முடிவு. அதில் குறை ஒன்றும் இல்லை.

பிரிண்டைப் பொறுத்தவரை, எழுத்து அட்டைகள் பலவும் இரண்டு மூன்று பிரேம்தான் இருக்கின்றன. பிலிமை மிச்சப்படுத்த அட்டைகளை அப்படிச் சுருக்கி வைக்கும் வழக்கம் உண்டு. காட்சிக்குப் பிரிண்ட் எடுக்கும்போது அவற்றை நீட்டிக்கொள்ள வேண்டும். தாங்கள் நீட்டவில்லை. 16 பிரேம் வேகத்தில்கூட மூன்று பிரேம் என்பது விநாடியில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. அன்றைய கொட்டகையில் எழுத்து வாசிக்கத் தெரியாதவர்களுக்காக ஒருவர் திரைக்குப் பக்கத்தில் நின்று அட்டையை உரக்கப் படித்துக் கதை சொல்லுவார். எங்கள் காட்சியிலும் கதைசொல்லி உண்டு, ஆர்மோனியமும் தபலாவும் உண்டு. பத்துச் சொல் உள்ள அட்டையை நிறுத்திப் படிக்க எட்டு விநாடியாவது வேண்டும். அதாவது எட்டடி பிலிம். இந்தக் கணக்கில் எல்லா அட்டையையும் நீட்டித் தாருங்கள். சாயமும் இல்லை. அன்று இரவுக் காட்சியையும் பெரும்பாலும் பகல் வெயிலில்தான் எடுத்தார்கள், பிரிண்டை நீலச் சாயத்தில் தோய்த்து இரவாக்கினார்கள். தாங்கள் எல்லாவற்றையும் கறுப்பு வெள்ளையில் பிரிண்ட் எடுத்ததால், நடுப்பகலில் ஒருவர் கையில் விளக்கோடு திருடனைத் தேடுகிறார்.

பலகைகளில் உள்ள பிழைகளைப் பள்ளிப் பிள்ளைகள் படிக்கப் போகிறார்கள். அதனால் இவற்றையும் லேசாக விட முடியாது. டெண்டுக்குப் பாபநாசத்திலிருந்து மின்சாரம் வந்ததாக ஒரு பலகை சொல்கிறது. பாபநாசம் நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கியது 1944-ல், மௌனப்படக் காலம் முடிந்த பிறகு. ஊர் ஊராகப் போன டெண்டுக்கு எண்ணெய் எஞ்சினும் டைனமோவும்தான் வெளிச்சம் தந்தன. இரண்டு கார்பன் குச்சிகளுக்கு இடையே மின்பொறி எரிந்து வெளிச்சம் தரும் ஆர்க் விளக்கின் படத்தில் இரண்டு குச்சிகளும் ஒரே கனம். ஒரே திசையில் ஓடும் டைனமோவின் டி.சி. மின்சாரத்தில் பாசிட்டிவ் கார்பன் சீக்கிரம் தேயும்; இரண்டும் ஒரே சீராகக் குறைய வேண்டுமென்று அதைக் கனமாகப் போடுவார்கள். ஆபரேட்டர் அறையை ஓலைத் தட்டியால் வரைந்திருப்பது இன்னும் மோசம். நைட்ரேட் பிலிம் தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே கொடுத்துக்கொண்டு எரியும். பற்றினால் தண்ணீரால் அணைக்க முடியாது. அதனால் அறைக்கு இரும்புத் தகடு, சன்னலுக்கு விழும் கதவு, பக்கத்தில் மணல் வாளி, நனைத்த கம்பளி. எரியும் ரீலைக் காப்பாற்ற அல்ல, அடுத்த பெட்டிக்குத் தீ தாவாமல் தடுக்க. கொட்டகைக்கு லைசென்ஸ் வேண்டுமென்று 1918-ஆம் ஆண்டின் சினிமட்டோகிராப் சட்டம் சொன்னதற்கு இந்தத் தீ பயமும் ஒரு காரணம். 1931-ல் தமிழின் முதல் பேசும்படமான "காளிதாஸ்" வந்ததோடு மௌனப்படம் நின்றுவிட்டதாக எழுதியிருப்பதும் தவறு. நமக்குப் பக்கத்திலேயே நாகர்கோவில்காரர் சுந்தர்ராஜ் தயாரித்த "மார்த்தாண்ட வர்மா" 1933-ல் வெளியானது, அதுவும் மௌனப்படம்தான்.

இக்கடிதம் கிடைத்த 30 நாளுக்குள் மோட்டார், மூன்று இதழ் ஷட்டர், மாஸ்க் தகடு, லென்ஸ் தாங்கி, கைப்பிடித் தண்டு, புதிய கிராஸ் ஆகியவற்றைத் தங்கள் செலவில் மாட்டித் தர வேண்டும். பிரிண்டுக்கும் பலகைகளுக்கும் 60 நாள் தருகிறோம். பலகை வாசகத்தை அச்சுக்கு முன் எங்களுக்கு அனுப்புங்கள். தவறினால் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்போம்.

மெஷினை நாங்கள் பிரிக்கவில்லை. கிராஸ் பெட்டியிலிருந்து வடித்த எண்ணெய் சீசாவில் மூடி வைத்திருக்கிறது. வருகிற மெக்கானிக் மௌனப்பட மெஷின் தெரிந்தவராக இருக்கட்டும்.

இப்படிக்கு,
கண்காட்சிப் பொறுப்பாளர்கள்

இணைப்பு: ரசீது நகல், கதவில் ஒட்டிய படத்தின் புகைப்படம், பலகைகளின் புகைப்படங்கள்.