கணவருக்கு ஒரு தொப்பி, மகளுக்குக் காலணி

யார்க்,
ஞாயிறு மாலை

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. சொட்டு மருந்தை வேளை தவறாமல் விடச் சொல். அடுப்புப் பக்கம் போக விடாதே. இங்கே நாங்கள் நலம். போன மாதம் ஊஸ் ஆறு கரை மீறி வந்து கீழ்த்தெருக்களில் தண்ணீர் நின்றது. எங்கள் தெரு மேட்டில் இருப்பதால் தப்பித்தோம்.

நீ கேட்டிருந்த விஷயத்துக்குத்தான் இந்த நீளக் கடிதம். உன் வகுப்புப் பையன் எழுந்து, "மிஸ், முதலாம் எலிசபெத் ராணி காலம் பொற்காலம்னு போட்டிருக்கே, எல்லாருக்குமா பொற்காலம்?" என்று கேட்டதாகவும், நீ சட்டென்று பதில் சொல்ல முடியாமல் நின்றதாகவும் எழுதியிருந்தாய். அந்தப் பையனை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அந்தக் கேள்வியோடு என் விடுமுறை நாள் ஒன்றில் இந்த ஊரைச் சுற்றி நடந்தேன். அவனுக்குச் சொல்ல ஒரு வீட்டுக் கதை கிடைத்தது. சண்டையும் கப்பலும் உன் பாடப் புத்தகத்தில் இருக்கும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

இங்கே ஷாம்பிள்ஸ் என்று ஒரு சந்து உண்டு. அந்தக் காலத்தில் அது கசாப்புக்காரர் தெரு. இரண்டு பக்க வீடுகளின் மாடியும் முன்னால் துருத்திக்கொண்டு, எதிர் வீட்டுக்காரரோடு கை குலுக்கலாம் போல நெருங்கி நிற்கும். வெயில் இறைச்சி மேல் படாமல் இருக்க அது வசதி. நடுவில் ரத்தமும் கழிவும் ஓடிப் போகும்படி வாய்க்கால். சில கடைகளின் வாசலில் இறைச்சி மாட்டிய கொக்கிகளும் சன்னலோரப் பலகைகளும் இன்னும் இருக்கின்றன. இந்தத் தெருவில்தான் மார்கரெட் கிளிதரோ வாழ்ந்தார். மெழுகுவர்த்தி வியாபாரியின் மகள், கசாப்புக்காரரின் மனைவி. 1571இல் கோனி தெரு மார்ட்டின் கோவிலில் கல்யாணம்.

அவர் பிறந்து வளர்ந்த காலத்தை நினைத்துப் பார். தாத்தா காலத்தில் போப்பாண்டவரின் கத்தோலிக்க சபை. எட்டாம் ஹென்றி வந்து போப்பை விலக்கினார். மகன் எட்வர்டு படங்களையும் பீடங்களையும் எடுத்தெறிந்தார். 1553இல் மேரி ராணி எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவந்தார். ஐந்தே வருடத்தில் அவர் இறக்க, தங்கை எலிசபெத் வந்து மறுபடி மாற்றினார். கோவிலில் எந்த மொழியில் ஜெபிப்பது, யார் முன் மண்டியிடுவது, செத்தவர்களுக்காக வேண்டலாமா கூடாதா, எல்லாமே ஒரு மனிதரின் ஆயுளுக்குள் நாலு முறை புரண்டது. சுவரில் இருந்த புனிதர்கள் மேல் சுண்ணாம்பு அடித்தார்கள். சிலுவை நின்ற இடத்தில் ராணியின் அரச முத்திரை வந்தது.

எலிசபெத்தின் சட்டம் பார்க்க மென்மையாகத்தான் இருந்தது. ஞாயிறு கோவிலுக்கு வராவிட்டால் 12 பென்ஸ் அபராதம், அவ்வளவுதான். ஆனால் கூலிக்காரருக்கு அது ஒன்றிரண்டு நாள் சம்பளம். 1581இல் அதுவே மாதம் 20 பவுண்டு ஆனது. வசதியான குடும்பங்களே ஆடிப்போகும் தொகை. யார் வந்தார், யார் வரவில்லை என்று கோவில் கணக்கர்கள் பெயர் எழுதிக்கொண்டார்கள்.

சாப்பாட்டிலும் அரசு கை வைத்தது. வெள்ளி, சனியோடு புதன்கிழமையும் இறைச்சி கூடாது என்று 1563இல் சட்டம் போட்டார்கள். மீனவரும் மாலுமிகளும் பெருகினால் கடற்படைக்கு ஆள் கிடைக்கும் என்பது கணக்கு. அந்தச் சட்டத்திலேயே இன்னொன்றும் எழுதி வைத்தார்கள்: இது ஆன்மாவுக்கு நல்லது என்று யாராவது பிரசங்கம் செய்தால் தண்டனை! நோன்பு இருக்க வேண்டும், ஆனால் அதைச் சாமிக்காக இருக்கிறேன் என்று சொல்லக்கூடாது. கசாப்புக்காரர் தெருவில் அந்தப் புதன்கிழமைகள் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் நாடகம். இதைக் கட்டாயம் உன் பிள்ளைகளுக்குச் சொல். யார்க் நகரத்தில் நற்கருணைத் திருநாளன்று ஒவ்வொரு தொழில் சங்கமும் வேதத்தில் ஒரு காட்சியைச் சக்கர வண்டி மேல் நடித்துக்கொண்டே தெருத்தெருவாகப் போகும். 1376லேயே இதைப் பற்றிய குறிப்பு இருக்கிறது. நோவா பேழை கட்டும் காட்சி கப்பல் கட்டுபவர்களுடையது. கடைசி இராப்போஜனம் ரொட்டி சுடுபவர்களுடையது. சிலுவையில் அறைவது ஆணியும் ஊசியும் செய்பவர்களுடையது. இயேசு உயிர் விடும் காட்சி கசாப்புக்காரர்களுடையது. விடியுமுன் தொடங்கி இரவு வரை நடக்கும். கடைசியாக நடந்தது 1569இல். அடுத்த வருடம் புதிய பேராயராக கிரிண்டால் வந்தார். பழைய சபையின் வாசனை இருக்கிறது என்று நாடகம் நின்றே போயிற்று. கடைசி முறை நடந்தபோது மார்கரெட் பதின்வயதுப் பெண். இரண்டு வருடம் கழித்து அவர் வாழ்க்கைப்பட்டது கசாப்புக்காரர் வீட்டில்.

அதே 1569 கார்த்திகை வாக்கில்தான் வடக்கே கலகம் வெடித்தது. நார்தம்பர்லாந்து, வெஸ்ட்மோர்லாந்து பிரபுக்கள் இருவர் ஆள் திரட்டி, நவம்பர் 14 அன்று டர்ஹம் பேராலயத்துக்குள் நுழைந்து, ஆங்கில வேதாகமத்தையும் ஜெபப் புத்தகத்தையும் கிழித்து, பழையபடி பூசை வைத்தார்கள். ரிச்சர்ட் நார்ட்டன் என்ற முதியவர், கிறிஸ்துவின் ஐந்து காயங்கள் எழுதிய கொடியைத் தூக்கிக்கொண்டு போனார். பிரபுக்களுக்கு ராணியிடம் அவரவர் மனக்குறையும் அதிகாரக் கணக்கும் இருந்தன. சிறையிலிருந்த ஸ்காட்லாந்து ராணி மேரியை (எலிசபெத்தின் அக்கா மேரி அல்ல, இவர் வேறு) விடுவிக்கும் எண்ணமும் இருந்தது. எனக்கு அவர்கள் மேல் பெரிய மரியாதை இல்லை. ஆனால் செட்ஜ்ஃபீல்டு என்ற ஊர் மக்கள், பத்து வருடமாக ஒளித்து வைத்திருந்த பீடக் கல்லை இழுத்துவந்து கோவிலில் திரும்ப வைத்தார்களாம். அதைப் படித்ததும் கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். என்றாவது ஒரு நாள் தேவைப்படும் என்று பத்து வருடம் ஒரு கல்லைக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

கலகம் டிசம்பரிலேயே அடங்கிவிட்டது. பிரபுக்கள் ஸ்காட்லாந்துக்கு ஓடிவிட்டார்கள். பின்னால் வந்த ஏழைகளுக்குத்தான் கயிறு. சுமார் 700 பேரைத் தூக்கிலிட உத்தரவு போயிற்று. அத்தனை பேரும் தூக்கிலிடப்படவில்லை, ஆனால் ஊர் ஊராக நூற்றுக்கணக்கில் மாட்டினார்கள். நிலம் உள்ளவர்களைக் கொல்லாமல் சொத்தைப் பறிப்பது லாபம். நிலம் இல்லாதவரிடம் பறிக்க உயிர் ஒன்றுதான் இருந்தது. நார்தம்பர்லாந்து பிரபு தாமஸ் பெர்சியை ஸ்காட்லாந்துக்காரர்கள் 2,000 பவுண்டுக்கு விற்றார்கள். 1572 ஆகஸ்டில் யார்க் நகரத்தின் பேவ்மென்ட் சந்தையில் அவர் தலையை வெட்டி, மிக்கில்கேட் வாசல் மேல் குத்தி வைத்தார்கள். பேவ்மென்ட் எங்கே தெரியுமா? ஷாம்பிள்ஸ் சந்து போய் முடியும் இடம். கல்யாணமாகி ஒரு வருடம் ஆன மார்கரெட்டின் வீட்டிலிருந்து சில நிமிட நடை. அடுத்த இரண்டு வருடத்தில் அவர் பழைய சபைக்குத் திரும்பினார்.

அவர் கணவர் ஜான் திரும்பவில்லை. ஊர்ப் பொறுப்பில் இருந்த மனிதர், ஞாயிறுதோறும் ராணியின் கோவிலுக்குப் போய்வந்தார், மனைவிக்காக அபராதமும் கட்டினார். அன்றைய யார்க்கில் இப்படிப் பல குடும்பம். கல்யாணமான பெண்ணுக்குத் தன் பெயரில் சொத்து கிடையாது. அவளிடம் அபராதம் வசூலிப்பது கஷ்டம். அதனால் கணவன் கோவிலுக்குப் போய்ப் பெயரைக் காப்பாற்ற, மனைவி வீட்டில் ஜெபமாலையைக் காப்பாற்றினாள். பெண்ணுக்கு எதுவும் சொந்தமில்லை என்று போட்ட சட்டமே அவளைப் பிடிக்க முடியாமல் தடுமாறியது. வழக்கறிஞர்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். மார்கரெட்டைச் சிறையிலேயே போட்டார்கள், ஒரு முறை அல்ல, பல முறை. அங்கேதான் அவர் எழுத்து வாசிக்கக் கற்றுக்கொண்டார்.

1585இல் சட்டம் இன்னும் இறுகியது. வெளிநாட்டில் குருப்பட்டம் பெற்று வரும் கத்தோலிக்கக் குருவானவர் ராஜத்துரோகி, அவருக்கு இடம் கொடுப்பவருக்கும் மரண தண்டனை. ராணியின் ஆட்கள் பயந்ததில் நியாயம் இல்லாமல் இல்லை. போப் 1570லேயே எலிசபெத்தைச் சபையை விட்டு விலக்கி, அவருக்குக் கீழ்ப்படிய வேண்டாம் என்று மக்களுக்கு ஆணை போட்டிருந்தார். அந்த ஒரு தாள் ஒவ்வொரு சாமியாரையும் ஒற்றனாக்கிவிட்டது. ஆனால் பயத்தின் விலையைக் கொடுத்தது யார் என்று பார்.

1586 மார்ச் 10. அதிகாரிகள் மார்கரெட்டின் வீட்டைச் சோதனை போட்டார்கள். பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன வாத்தியார் தப்பி ஓடிவிட்டார். ஃபிளெமிஷ் தாய்க்குப் பிறந்த ஒரு சிறுவன் அந்த வீட்டில் இருந்தான். அவன் உடுப்பை உருவி, அடிப்போம் என்று மிரட்டினார்கள். பையன் நடுங்கிப்போய் குருவானவர் ஒளியும் ரகசிய அறையையும், பூசை உடுப்பும் பாத்திரமும் இருந்த இடத்தையும் காட்டிவிட்டான். அவனைக் குறை சொல்ல என்னால் முடியாது.

விசாரணையில் மார்கரெட், குருவானவருக்கு இடம் கொடுத்த குற்றத்தை ஒப்பவும் இல்லை, மறுக்கவும் இல்லை. நான் குற்றம் எதுவும் செய்யவில்லை, எனவே எனக்கு விசாரணை தேவையில்லை என்றார். அதிலேயே நின்றார். காரணம் இதுதான்: விசாரணை நடந்தால் சாட்சிக் கூண்டில் ஏறப்போவது அவருடைய சொந்தப் பிள்ளைகளும் வேலைக்காரர்களும். அம்மாவைக் கொல்ல வார்த்தை கொடுத்தோம் என்ற பாரத்தை அவர்கள் தலையில் வைக்க அவர் சம்மதிக்கவில்லை. பதில் சொல்ல மறுப்பவருக்கு அன்றைய சட்டத்தில் தண்டனை நசுக்கிக் கொல்வது. இது தெரிந்தேதான் வாயை மூடிக்கொண்டார். இத்தனைக்கும் அப்போது அவர் கர்ப்பமாக இருந்தார் என்றார்கள். நீதிபதிகளில் ஒருவர் தள்ளிப்போடப் பார்த்தார், மற்றவர்கள் விடவில்லை. ஒரு சிறுவனின் சாட்சியை வைத்துக் கொல்லக்கூடாது என்று நீதிமன்றத்தில் எழுந்து பேசியவர் கைல்ஸ் விகிண்டன், ஒரு பியூரிட்டன் போதகர். கத்தோலிக்கத்தை அடியோடு வெறுத்த கூட்டத்தைச் சேர்ந்த ஆள்! அந்த வருடம் யார்க் மேயர் ஹென்றி மே, மார்கரெட்டின் தாயை மறுமணம் செய்துகொண்டவர். குடும்பத்துக்குள்ளேயே இப்படி.

ஜான் கதறினார். என்னிடம் உள்ளதையெல்லாம் எடுத்துக்கொள்ளுங்கள், அவளை விட்டுவிடுங்கள், இங்கிலாந்திலேயே நல்ல மனைவி அவள் என்றார். மார்ச் 25, மங்கள வார்த்தைத் திருநாள். ஊஸ் பாலத்துச் சிறையருகே அவரைப் படுக்க வைத்து, முதுகுக்கடியில் ஒரு கூர்ங்கல், மேலே ஒரு கதவு, கதவு மேல் பாறை பாறையாக எடை. அதைச் செய்யக் காவலர்களுக்கே மனம் வரவில்லை, பிச்சைக்காரர்களைக் கூலிக்குப் பிடித்தார்கள். கால் மணி நேரம் ஆயிற்று.

சாவதற்கு முன் தன் தொப்பியைக் கணவருக்கு அனுப்பினார், குடும்பத்துக்குத் தலைவர் அவரே என்பதற்கு அடையாளமாக. காலணியையும் காலுறையையும் மகள் ஆனுக்கு அனுப்பினார், தன் வழியில் நடக்கச் சொல்லி. ஆன் பிற்பாடு லூவேன் நகரத்து மடத்தில் கன்னியாஸ்திரி ஆனார். ராணியின் கோவிலுக்குப் போகும் கணவரைக் கடைசி வரை தலைவர் என்று மதித்த மனம் அது. இரண்டு பேரும் ஒரே வீட்டில், இரண்டு சபையில், சுமார் பன்னிரண்டு வருடம் குடும்பம் நடத்தியிருக்கிறார்கள். நடக்காது என்று சொன்னது அரசு மட்டும்தான்.

சரி, எலிசபெத்தை மட்டும் குற்றம் சொல்லாதே என்பாய். சொல்லவில்லை. அக்கா மேரியின் காலத்தில் நாலு வருடத்துக்குள் சுமார் 280 பேரை உயிரோடு எரித்தார்கள். டார்பி ஊரில் ஜோன் வேஸ்ட் என்ற பெண், பிறவியிலேயே பார்வை இல்லாதவர், வயது 22. அப்பாவுக்குக் கயிறு திரிக்க உதவி செய்து, காலுறை பின்னிச் சம்பாதித்த காசைச் சேர்த்து ஒரு புதிய ஏற்பாடு வாங்கினார். தனக்கு வாசிக்க முடியாதே! யாராவது ஒரு அத்தியாயம் படித்துக் காட்டினால் ஒன்றிரண்டு பென்ஸ் கொடுத்தார். 1556 ஆகஸ்டில் அவரை எரித்தார்கள். மார்கரெட் உயிர் விட்டது எந்தப் பூசைக்காகவோ, அதை ஏற்க மறுத்ததற்காக ஜோன் செத்தார். சந்தித்திருந்தால் இருவரும் சண்டை போட்டிருப்பார்களோ என்னவோ. எனக்கு இருவர் மேலும் ஒரே அளவு அன்பு வருகிறது. ஒருவர் சிறையில் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டார், இன்னொருவர் காசு கொடுத்துக் காதால் படித்தார்.

ஷாம்பிள்ஸில் மார்கரெட்டின் நினைவாக ஒரு சின்ன ஜெப அறை இருக்கிறது. அவர் வாழ்ந்த வீடு அதுவல்ல, அதே தெருவில் வேறொன்று என்கிறார்கள். 1970இல் போப் அவரைப் புனிதராக அறிவித்தார். வெளியே சுற்றுலாக்காரர்கள் கூட்டம், கடைகளுக்கு வரிசை. உள்ளே நான் போனபோது ஒரு பாட்டி மட்டும் உட்கார்ந்திருந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். நம் கன்னியர் விடுதியில் காலைப் பூசைக்கு மணி அடித்ததும் நீ போர்வையை இழுத்து மூடிக்கொள்வாயே, அது நினைவுக்கு வந்தது. போக மாட்டேன் என்று சொல்ல நமக்கு இருந்த தைரியத்துக்கு யாரும் அபராதம் போடவில்லை.

உன் மாணவனுக்குக் கசாப்புக்காரர் நாடகத்தைச் சொல், தொப்பியைச் சொல். அவன் அடுத்து என்ன கேட்டான் என்று எனக்கு எழுது. ஷாம்பிள்ஸ் கொக்கிகளைப் படம் எடுத்திருக்கிறேன், தனியாக அனுப்புகிறேன். அம்மாவிடம் நான் கேட்டதாகச் சொல். கட்டுப் பிரித்ததும் என் கடிதத்தை அவரே படிக்கட்டும், பெரிய எழுத்தாகத்தான் எழுதியிருக்கிறேன்.

என்றும் அன்புடன்,
உன் விடுதி அறைத் தோழி