மகிழ்ச்சியுடன் கொண்டாடிய மக்கள் யார்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பிப்ரவரி 5 தேதியிட்ட தங்கள் நாளிதழில், இலங்கைச் சுதந்திர தினத்துக்குச் சென்னையில் அந்நாட்டுத் துணைத் தூதர் கொடியேற்றிய செய்தியைப் படித்தேன். கொடியேற்றுவது அவர் கடமை, அதில் எனக்கு வருத்தமில்லை. கடைசியில் ‘தமிழகத்தில் வாழும் இலங்கை மக்களும் இந்நாளை மகிழ்ச்சியுடன் கொண்டாடினர்’ என்று உங்கள் நிருபர் ஒரு வரி சேர்த்திருக்கிறாரே, எந்த மக்கள் ஐயா? நான் ஊத்தங்கரை பக்கம் பாம்பாறு அணை இலங்கை அகதிகள் முகாமில் இருப்பவன். அன்று ஓசூரில் சாரத்தில் நின்று மூன்றாவது மாடிக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தேன். எங்கே கொண்டாட்டம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தால் அரைநாள் கூலி போனாலும் போகட்டும் என்று வந்திருப்போம்.

அந்தச் சுதந்திரத்தின் கதை தங்களுக்குத் தெரியாததல்ல. 1948 பிப்ரவரியில் சுதந்திரம். வருடம் முடிவதற்குள் ஒரு குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்து, தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறித்த எங்கள் சனங்களை நாடற்றவர்களாக்கினார்கள். 1964-இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் உட்கார்ந்து, இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர் என்று பங்கு பிரித்தார்கள். என் பெரியப்பா இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்துக் கப்பலேறினார். அவர் பிள்ளைகளுக்கு இன்று ஓட்டு உண்டு, பாஸ்போர்ட் உண்டு. அப்பா அங்கேயே தங்கி, 1977 கலவரத்தில் தோட்டத்தை விட்டு வவுனியாவுக்கு ஓடி, 1990-இல் எங்களைப் படகில் ஏற்றிக்கொண்டு வந்தார். அதனால் நான் அகதி. இத்தனைக்கும் எங்கள் பாட்டன் தேயிலைக்குப் போனதே அன்றைய சேலம் ஜில்லாவிலிருந்துதான். இந்த ஊத்தங்கரையும் அப்போது சேலம் ஜில்லாதான்!

2003-இல் இலங்கையில் சட்டம் போட்டு எங்கள் சனங்களுக்குக் குடியுரிமை தந்தார்கள், சரி. 2016-இல் கொழும்பு விழாவில் தேசிய கீதத்தைத் தமிழிலும் பாடினார்கள், 2020-இல் அதையும் விட்டுவிட்டார்கள். இந்தப் பக்கமும் பெரிதாகச் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. முகாம்களில் புது வீடு கட்டுகிறார்கள், அதற்கு நன்றி. ஆனால் செக்கிங், அதாவது முகாமில் ஆள் இருக்கிறோமா என்று எண்ணிப் பார்ப்பது, என்றால் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து வரிசையில் நிற்பது நின்றபாடில்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் ஆப்கானிஸ்தான்கூடக் கண்ணில் பட்டது, ராமேஸ்வரத்துக்கு எதிரே இருக்கிற நாடு படவில்லை.

என் மகள் பிறந்தது இங்கே, படித்தது இங்கே. இன்ஜினியரிங் முடித்து ஓசூரில் ஒரு கம்பெனிக்குப் போனாள். தேர்வு, நேர்காணல் எல்லாம் தாண்டினாள். கடைசியில் முகாம் அட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்த அதிகாரி, ‘சொல்லி அனுப்புகிறோம்மா’ என்றாராம். இன்னும் சொல்லி அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள்.

இந்தியக் குடியுரிமைக்கு, 1987 ஜூலை முதல் இங்கே பிறந்தது மட்டும் போதாது, பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். சரி, இலங்கைக் குடியுரிமையாவது வாங்கலாம் என்றால், அந்தப் பிறப்பைச் சென்னையில் உள்ள துணைத் தூதரகத்தில் பதிய வேண்டும். கூலிக்காரர் குடும்பத்தோடு சென்னை போய்வர என்ன ஆகும் என்று தாங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

தூதரைச் சந்திக்கும் வாய்ப்பு தங்களைப் போன்றவர்களுக்குத்தான் கிடைக்கும். வருடத்தில் ஒரு நாள் கிருஷ்ணகிரி கலெக்டர் அலுவலகத்தில் பிறப்புப் பதிவு முகாம் நடத்தும்படி தங்கள் பத்திரிகையில் எழுதுங்கள். அடுத்த பிப்ரவரியில் அந்த வரியைப் போடுவதற்கு முன்னால் நிருபரை ஒருமுறை இந்தப் பக்கம் அனுப்பிவையுங்கள். ஊத்தங்கரையிலிருந்து பஸ் உண்டு.

இப்படிக்கு,
பாம்பாறு அணை முகாம் வாசகர்
கிருஷ்ணகிரி மாவட்டம்
(பெயர் போட வேண்டாம்)